சந்தனப் பொட்டுக்குக் கீழே நான்கு விளக்குகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் அல்ல, பயிற்சி பெற்ற முட்டாள். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, கையில் ஒலிபெருக்கியோடு, "ஆபத்து வரும் முன் தயாராக இருங்கள்" என்று மூன்று மொழிகளில் கத்திச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு, கார் பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்று மூன்று மாதம் தயாரானேன். ஒத்திகை பார்த்தேன். பட்டியல் எழுதி லேமினேட் செய்தேன். கடைசியில் பேட்டரி செத்த அன்று, அதற்காகவே வாங்கி வைத்திருந்த கருவியும் செத்துக் கிடந்தது. அதைக் கொன்றவனும் நான்தான். பூசை போட்டுக் கொன்றேன்.

சிரித்துவிட்டுப் படியுங்கள், பரவாயில்லை. போகப் போகச் சிரிப்பு குறையும்.

எனக்கு அக்கா ஒருத்தி, கிள்ளானில். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கென்று ஓர் இயந்திரம். நான்கு மணி நேரம் அதில் ரத்தம் சுத்தமாகி, உடம்பில் சேர்ந்த தண்ணீர் இறங்கினால்தான் அடுத்த முறை வரை அவளால் ஒழுங்காக மூச்சு விட முடியும். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கொடுமை என்று சொல்ல முடியாது. வரிசையில் அவ்வளவு பேர்.

அவளைக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்கும் முன்னால் நான் கையைத் தூக்கினேன். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா? காலையில ஏழு மணிக்கா?"

நியாயமான கேள்விதான். அக்காவின் கல்யாணத்துக்கே லேட்டாகப் போனவன் நான். மணப்பெண்ணின் கையில் பொரி போட வேண்டியது கூடப்பிறந்த தம்பி. அந்த நேரத்தில் தம்பி, நண்பனின் மோட்டார் சைக்கிளில் பெட்டாலிங் ஜெயா பக்கம் எங்கேயோ பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டிருந்தான். ஐயர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்துப் பொரியைப் போட வைத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் அந்தப் பையன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அக்கா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் எதைப் பற்றியுமே ஒரு வார்த்தைக்கு மேல் சொன்னதில்லை. தந்தி கொடுப்பது போலத்தான் பேசுவாள்.

ஆகவே இந்த டயாலிசிஸ் ஓட்டம் எனக்கு இரண்டாவது பொரி. பிப்ரவரியிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் கிளம்பும்போது அவளுக்கு ஒரு மிஸ்ட் கால் கொடுப்பேன். இரண்டு முறை மணி அடித்து நின்றால் தம்பி கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். அவள் வீட்டைப் பூட்டி, பையை எடுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பையில் ஒரு போர்வை, இரண்டு துண்டு ரொட்டி. நான் ஆறரைக்குப் போய் நிற்பேன்.

"வந்துட்டியா."

அவ்வளவுதான். அதில் கேள்வியும் கிடையாது, ஆச்சரியமும் கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக, வாழ்நாள் முழுக்க ஏழு மணிக்கு முன் விழிக்காதவன் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால் கார் எழவில்லை. பதிமூன்று வயதுக் கார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். அக்கா வெயிலில், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டரோடு, நிலையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். நான் பக்கத்து உணவுக்கடை, அதற்கடுத்த டயர் கடை என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "பாஸ், ஜம்பர் கேபிள் இருக்கா?" நாற்பது நிமிடம். கடைசியில் தெலுக் பங்லிமா காராங்குக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன ஒரு லோரிக்கார அண்ணன் ஓரங்கட்டினார். கேபிளை மாட்டிக்கொண்டே படிக்கட்டில் இருந்த அக்காவைப் பார்த்தார், என் காரைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, பேஷண்ட்ட விட வண்டி சீரியஸா இருக்கு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இதுக்கு ஏதாச்சும் செஞ்சு வை."

செய்தேன். மூளையுள்ளவன் புது பேட்டரி போடுவான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடியிருப்புக்குப் பின் சந்தில் ஒரு வொர்க் ஷாப் இருக்கிறது. அங்கே உள்ள மெக்கானிக் தம்பி போனட்டைத் திறந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"அங்கிள், பேட்டரி காங் ஆகப் போவுது லா. ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. இன்னைக்கே மாத்திடுங்க."

காங் என்றால் எங்கள் ஊரில் முழுதாக உயிரை விட்டது என்று பொருள். நான் அவனைப் பார்த்துப் புன்னகைத்தேன். என்னிடம்தான் அறிவியல் இருந்ததே. அதற்குள் இரண்டு நாள் விடிய விடிய வீடியோ பார்த்து, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும், கைக்கடக்கமான ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை வரவழைத்திருந்தேன். செங்கல்லில் பாதி அளவு. கறுப்பு நிறம். ஒரு பக்கம் சிவப்பு, கறுப்புக் கவ்விகளை மாட்டும் துளை. இன்னொரு பக்கம் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் துளை. மேலே ஒரு பொத்தான், அதன் அருகில் நான்கு சின்னப் பச்சை விளக்குகள். பொத்தானை அழுத்தினால் எத்தனை விளக்கு எரிகிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். நான்கும் எரிந்தால் யாரிடமும் போய் 'பாஸ், பாஸ்' என்று கெஞ்ச வேண்டியதில்லை.

"இது இருக்குது தம்பி" என்று அவனிடம் நீட்டினேன்.

அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இது ஆம்புலன்ஸ் அங்கிள். ஆம்புலன்ஸ் இருக்குதுன்னு வைத்தியம் பாக்காம இருப்பீங்களா?"

இவ்வளவு தெளிவாக ஒருவன் சொன்ன பிறகும் நான் பேட்டரியை மாற்றவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டால் அந்தக் கருவிக்கு வேலை இருக்காது. அதை எடுத்து மாட்டி, காரை உயிர்ப்பித்து, அக்கா பார்க்க ஒருமுறை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அவன் பேட்டரி சாகட்டும் என்றே விரும்பினான்.

ஒத்திகைகள் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பார்க்கில், கையில் கடிகாரத்தோடு. சிவப்பு முதலில், கறுப்பு பிறகு, பொத்தான், சாவி. இரண்டு நிமிடம் பத்து விநாடி. மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, "இப்ப நீதான் அக்கா, களைப்பா இரு" என்றேன். "உங்கள கட்டிக்கிட்டதுலேருந்து அப்படித்தான் இருக்கேன்" என்றாள். ஏழு படிகள் கொண்ட பட்டியல் ஒன்றை லேமினேட் செய்து காரின் பின்பெட்டிக்குள் ஒட்டினேன். முதல் படி: 'சார்ஜ் இருக்கிறதா என்று பார்.' என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பேட்டரி அதற்குள் முனகத் தொடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் எழும். ஒவ்வொரு முறை அது தடுமாறும்போதும் நான் பின்பெட்டியை நினைத்துத் தைரியமானேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. அது ஒரு வியாழக்கிழமை.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் மனைவியின் தையல் இயந்திரமும் அரிவாள்மனையும்தான் வழக்கமான ஆயுதங்கள். அந்த வருடம் நானும் என் பங்குக்குக் கார் சாவியையும், ஓய்வு பெற்றபோது நினைவுக்காகக் கேட்டு வாங்கி வந்த பழைய ஒலிபெருக்கியையும், என் ஜம்ப் ஸ்டார்ட்டரையும் சாமி மேடையில் அடுக்கினேன். நானே குளித்து, நானே சந்தனம் குழைத்து, பெரிய பொட்டாக ஒன்று வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். எங்கே வைத்தேன்? மேல் பக்கத்தில், அந்த நான்கு பச்சை விளக்குகளின் மேலே. தட்டையான இடம் அதுதான் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மாலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுண்டலுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கருவியின் மகிமையைக் காட்ட வேண்டாமா? சாமி மேடையைச் சுற்றி இருந்த மஞ்சள் விளக்குச் சரத்தின் ஒயரைச் சுவரில் மாட்டியிருந்த கைப்பேசிச் சார்ஜரிலிருந்து பிடுங்கி, ஜம்ப் ஸ்டார்ட்டரின் துளையில் செருகினேன். சரம் அப்படியே எரிந்தது. "கரண்ட் இல்லாமலே எரியுது பாருங்க" என்றேன். பக்கத்து வீட்டு ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கா, கருவிக்கா என்று தெரியவில்லை.

காருக்கும் பூசை. கதவுகள் எல்லாம் திறந்து, கார் ரேடியோவில் ஒரு மணி நேரம் அம்மன் பாட்டு. என்ஜின் ஓடவில்லை, பாட்டு மட்டும் ஓடியது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். வழக்கமாகப் பூசை முடிந்ததும் வண்டியை நகர்த்தி நசுக்கிவிடுவார்கள். நான் அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. நல்ல நாளின் முதல் பயணம் அக்காவைக் கூட்டிப் போவதாக இருக்கட்டும், பழங்கள் அப்போது நசுங்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

படுக்கப் போகும்போது மனைவி சொன்னாள்: "என்னங்க, அந்த லைட்டக் கழட்டிட்டுப் படுங்க. ராத்திரி பூரா எரிஞ்சா அந்தப் பெட்டி என்னத்துக்கு ஆவும்?"

"பூசையில வெச்ச பொருள நாளைக்குக் காலையிலதான் தொடணும். ஒனக்குத் தெரியாததா?" என்றேன். சாத்திரம் எனக்கு இந்த மாதிரி நேரங்களில் மட்டும் ஞாபகம் வரும்.

காலையில் விழித்தபோது சாமி மேடை இருட்டாக இருந்தது. மனைவி எப்போதோ எழுந்து அணைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அணைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கற்பூரம் காட்டி, சாவியையும் ஜம்ப் ஸ்டார்ட்டரையும் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். லிஃப்ட் இறங்கும்போதே அக்காவுக்கு மிஸ்ட் கால் கொடுத்தேன். மணி ஐந்தே முக்கால்.

சாவியைத் திருப்பினேன். டக்.

பயமே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? சந்தோஷம் வந்தது. என் நாள் வந்துவிட்டது. போனட்டைத் திறந்தேன். சிவப்பு, கறுப்பு, பொத்தான். விளக்கு எதுவும் தெரியவில்லை. சந்தனம் மறைக்கிறது என்று நினைத்தேன். இரவு முழுக்கக் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். முதல் விளக்கு வெளியே வந்தது, அணைந்திருந்தது. இரண்டாவது வெளியே வந்தது, அணைந்திருந்தது. மூன்றாவதைச் சுரண்டும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நான்காவதையும் சுரண்டினேன். அந்த நான்காவது விளக்கை இப்போதும் கனவில் சுரண்டுகிறேன்.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து, 'அக்கா, கார் ஓடல, வாடகை வண்டி சொல்லிப் போயிடு' என்று சொல்லியிருக்க வேண்டும். கிள்ளானில் அந்நேரத்துக்குப் பத்து நிமிடத்தில் கார் வாசலுக்கு வந்துவிடும். ஏழு மணிக்கு அவள் இயந்திரத்தில் படுத்திருப்பாள். ஒரு வாக்கியம். அதை என்னால் சொல்ல முடியவில்லை.

மாடிக்கு ஓடினேன். கருவியைச் சுவரில் மாட்டிச் சார்ஜ் ஏற்றினேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு விளக்கு வந்துவிடும், ஒரு விளக்கே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு பத்துக்கு அக்காவின் போன்.

"எங்க?"

"ஹைவே ஏறிட்டேன்க்கா."

இந்த ஊரில் குளித்துக்கொண்டிருப்பவன் 'ஆன் த வே' என்று சொன்னால் அதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. நானும் மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஒரு விளக்கு மினுங்கியது. பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். மாட்டினேன், திருப்பினேன். டக், டக், டக். ஒற்றை விளக்கும் செத்தது. எலுமிச்சம்பழங்கள் நான்கும் சக்கரத்துக்கு அடியில் முழுசாக, மஞ்சளாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. மறுபடி மாடி. மறுபடி சார்ஜ். மறுபடி கீழே. வியர்வையில் பூசைக்குப் பூசிய திருநீறு கண்ணில் வழிந்தது. ஆறு நாற்பதுக்கு மறுபடி போன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"எங்கடா?"

"சுபாங் தாண்டிட்டேன்க்கா. ஒரே ஜாம். முன்னால ஏதோ எக்சிடெண்ட் போல."

நின்ற இடத்திலிருந்து வாயாலேயே பெட்டாலிங் ஜெயா தாண்டி, சுபாங் தாண்டி, ஒரு விபத்தையும் உண்டாக்கிவிட்டேன். அதே நேரம் பார்த்து, மேலே நடைபாதையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க, இன்னுமா கிளம்பல?"

அவளுக்குத் தொழிற்சாலை ஒலிபெருக்கியே தேவையில்லை.

"யாரு அது?" என்றாள் அக்கா.

"ரேடியோக்கா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும் பெய்தது.

"ம்" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

ஏழு மணிக்குத்தான் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட எனக்கு மனம் வந்தது. பனியனோடு, தோளில் ஜம்பர் கேபிளோடு, ஒரு பழைய வேனில் வந்தான். இரண்டு வண்டிக்கும் கேபிளை மாட்டினான். ஒரு நிமிடம் ஆகவில்லை, என் கார் எழுந்துவிட்டது. தரையில் கிடந்த ஜம்ப் ஸ்டார்ட்டரையும் அதன் மேல் இருந்த சந்தனக் கோடுகளையும் பார்த்தான்.

"ஆம்புலன்ஸுக்குப் பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க அங்கிள். போலே லா, நல்லாதான் இருக்கு. பேட்டரிக்கும் ஒண்ணு வெச்சிருக்கலாம், மாலையோட."

வேறு நாளாக இருந்தால் அவனுக்கு நானும் ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பேன். காரை எடுத்தேன். பழங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டே காலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே, மழை ஓய்ந்த தூறலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பையிலிருந்த போர்வை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. புதனிலிருந்து சேர்ந்த தண்ணீர். 'வந்துட்டியா' என்று சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியை உள்ளே எடுத்து வைத்து, கேட்டைப் பூட்டி, ஏறி உட்கார்ந்தாள். வழியில் நான் வேகத்தைக் கூட்டியபோது, "மெதுவா போ" என்றாள். அவ்வளவுதான்.

இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நர்சை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸ்ஸி பாவம், நல்ல பெண். அங்கேயும் இங்கேயும் பேசி, கடைசியில் வேறோர் இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் பிடித்துக் கொடுத்தாள். "ஆன்டி, திங்கக்கிழம வரைக்கும் தண்ணி ரொம்பக் குடிக்காதீங்க. இன்னைக்குப் பாதிதான் எறங்கியிருக்கு" என்றாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள். வாரத்தின் நீளமான இடைவெளி அது. தவறவே கூடாத நாளில் தவறியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. படுத்தால் தண்ணீரில் மூழ்குவது மாதிரி இருந்ததாம், உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது, அவசர டயாலிசிஸுக்கு அழைத்துப் போகத் தயாராக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு அருகில் நின்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். ஐந்து நாள் வார்டில் இருந்தாள்.

சிங்கப்பூரிலிருந்து அவள் மகள் ஓடி வந்தாள். வார்டுக்கு வெளியே, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க மனச விட்றாதீங்க. அம்மா எல்லாம் சொன்னாங்க. ஹைவேயில எக்சிடெண்ட், சுபாங்குல ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டீங்களாம். நீங்க என்ன பண்ணுவீங்க?"

கையில் காபிக் கோப்பை. எனக்குக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் இடம் இல்லை. அன்று 'ரேடியோக்கா' என்றபோதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவியின் குரல் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் மகளிடம் என் பொய்யையே அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவள், எனக்காக நெடுஞ்சாலை, விபத்து, நெரிசல் என்று ஒரு முழுக் கதை சொல்லியிருக்கிறாள்.

"உங்களுக்கும் வயசாகுது மாமா. நான் மாசத்துக்கு ஒரு கார் பேசிட்டேன். கிள்ளான் ஆளுதான், வீட்டுப் பக்கத்துலேயே இருக்காரு. இனிமே நீங்க காலையில எந்திரிச்சி ஓடி வர வேணாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"சரிம்மா" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை.

மறுநாளே புது பேட்டரி போட்டேன். மெக்கானிக் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தான். கார் இப்போது விரல் பட்டாலே எழுகிறது. நாலரைக்கு அலாரம் வைக்காமலே விழிப்பு வருகிறது. போவதற்குத்தான் இடமில்லை. திங்கள், புதன், வெள்ளி ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கி, காரை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓட விட்டு, அணைத்துவிட்டு மேலே வருகிறேன். பேட்டரிக்கு நல்லது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். இளைத்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். கேட்டுக்கு அருகே அந்த நாற்காலி இல்லை. வாடகைக் கார்க்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் இப்போது வெளியே வருகிறாளாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனப் பொட்டு, விளக்குச் சரம், லிஃப்டில் கொடுத்த மிஸ்ட் கால், எலுமிச்சம்பழம், சுபாங் விபத்து, ரேடியோ. இடையிடையே சிரிக்கிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டதை நடித்துக்கூடக் காட்டினேன். அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஒரு துண்டை எடுத்து என் பக்கம் தட்டைத் தள்ளினாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்த ஆளுக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு குடுத்துடு. புது பேட்டரி. சத்தியமா ஆறரைக்கு நான் இங்க இருப்பேன். வரட்டுமா?"

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அக்கா சொன்னாள்:

"கிளம்பினப்புறம் மிஸ்ட் கால் குடு."